பத்தொன்பது நாள் முந்திய கையெழுத்து

சட்டத்தரணியைப் பார்க்கப் போன அன்று என்னிடம் பதினொரு கேள்விகள் இருந்தன. ஒரு முழுத் தாளில் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தேன். கையில் நீல நிற ஃபைல். பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டுப் பிரதி, அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழின் பிரதி என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நிறத் துண்டு ஒட்டியிருந்தது. நான் கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். லேபல் இல்லாத எதையும் மேசையில் வைக்கக் கை வராது.

அலுவலகம் டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் ஏழெட்டுப் பேர்.

"கிரீன் கார்ட் நெசமாவே பச்சையாவா இருக்கும்?" என்று மடுல்கெல்லப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மனைவியிடம் கேட்டார்.

"மொதல்ல ஒங்க ஐடென்டி கார்ட எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க. பொறகு அமெரிக்காக்காரன்ட கலரப் பாப்போம்."

பக்கத்தில் ஊன்றுகோலோடு ஓர் அம்மா. அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போய்வருபவர். இடுப்பு எலும்பு முறிந்து இங்கேயே தங்கிவிட்டாராம். "ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா கார்ட் செத்துப் போகுமாமே?" என்று வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த எழுதுவினைஞரைக் கேட்டார்.

"சாகாதும்மா, இழுத்துக்கிட்டுக் கெடக்கும். உள்ள போய்க் கேளுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும். எட்டு வருடமாக அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவையும் தம்பியையும் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டவர் அம்மாவின் அண்ணன். மாமா மனுப் போட்டபோது நான் பள்ளிக்கூடச் சிறுமி. அப்பாவும் உயிரோடு இருந்தார். உடன்பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளம். அது எங்களை எட்டியபோது அப்பா இல்லை, எனக்கு இருபத்தொரு வயது தாண்டியிருந்தது. இருபத்தொன்றைத் தாண்டிய பிள்ளை தாயின் விசாவில் ஒட்டிக்கொண்டு போக முடியாது. தம்பிக்குப் பதினாறு, அவன் போகலாம். அம்மா போகமாட்டேன் என்றார். நான்தான் அனுப்பினேன். "ரெண்டு மூணு வருஷத்துல நானும் வந்துருவேன்" என்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துச் சொன்னேன். அது எனக்கே தெரிந்த பொய்.

அங்கே போய்ச் சேர்ந்த மாதமே அம்மா எனக்காக மனுப் போட்டார். அதில் ஒரேயொரு நிபந்தனை. கிரீன் கார்ட் வைத்திருக்கும் தாய், திருமணமாகாத மகளைத்தான் கூப்பிடலாம். மகள் திருமணம் செய்த அன்றே மனு செல்லாமல் போய்விடும். ஆனால் தாய் முதலில் குடியுரிமை பெற்று, அதற்குப் பிறகு மகள் திருமணம் செய்தால் மனு பிழைக்கும். வரிசை இன்னும் நீளும், இருந்தாலும் பழைய இடம் போகாது, கணவரும் கூடவே வரலாம்.

"அம்மா சிட்டிசன் ஆகுற வரைக்கும் கல்யாணம்னு வாயத் தொறக்காத," என்று மாமா ஒவ்வொரு பேச்சிலும் சொல்வார். நான் திறக்கவில்லை. மாதம் பிறந்தால் அமெரிக்க அரசின் விசா அறிவித்தலை இணையத்தில் திறந்து, வரிசை எத்தனை நாள் நகர்ந்தது என்று எக்செல் தாளில் குறித்து வைப்பேன். சில மாதங்களில் ஒரு நாள்கூட நகராது. ஒரு முறை பின்னால் போனது.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் நாவலப்பிட்டிக்காரர். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். ஆய்வுகூடத்துக்கு அவருடைய அம்மாவின் இரத்தத்தில் சீனி பார்க்க வந்து, அறிக்கையில் இருந்த ஒரு அலகு பிழை என்று என்னோடு வாதாடி, தோற்றுப்போய்ப் பழக்கமானவர். எல்லாவற்றையும் முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். வரிசை, நிபந்தனை, அம்மா. "சரி, காத்திருப்போம்" என்றார். மூன்று வருடம் காத்திருந்தார்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் அம்மா பாடம் படிக்க ஆரம்பித்தார். அறுபது வயதில் நூறு கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில். எனக்குக் காலை ஆறரை, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். நான் வேலைக்குச் சேலை கட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

"செனட்டர் எத்தன பேரும்மா?"

"நூறு."

"எத்தன வருஷத்துக்கு?"

"ஆறு. ஏன் பாப்பா, நம்ம ஊரு பார்லிமெண்டுல எத்தன பேருன்னே எனக்குத் தெரியாது, இவனுங்களத் தெரிஞ்சி நான் என்னா பண்ணப் போறேன்?"

"என்னயக் கூப்பிடப் போறீங்க."

"அப்பச் சரி. அடுத்தது கேளு."

கேள்விகளில் அம்மா தேறிவிட்டார். எழுத்தில் தவறினார். அதிகாரி ஒரு வசனம் சொல்ல, அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்று வசனம் கொடுத்தும் அம்மாவுக்குக் கை ஓடவில்லையாம். மறுபடி வரச் சொன்னார்கள். தை மாதத்துக்கு நாங்கள் மனதுக்குள் வைத்திருந்த கல்யாணம் அதோடு ஒரு வருடம் தள்ளிப்போனது.

அவருடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு அந்தத் தள்ளிப்போடல் பிடிக்கவில்லை. "ஒங்கம்மா பாஸ் பண்றதுக்குள்ள எம்மவன் பென்சன் எடுத்துருவான் போல" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்புக்குக் கீழே பயம் இருந்தது. பெண் ஒரு நாள் விசாவைக் கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவாள், மகன் புகையிரத நிலையத்தில் நிற்பான் என்ற பயம். அதனால் நிச்சயதார்த்தமாவது வைப்போம் என்றார்கள். வைத்தோம். நான் தங்கியிருந்த சித்தி வீட்டில், இருபது பேரோடு.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு அத்தை போன் எடுத்தார். "அன்னைக்கே ரெஜிஸ்டரும் பண்ணிருவோமே. பெரியாளுங்க எல்லாம் இருப்பாங்க. சும்மா எழுதி வச்சிக்கிறதுதானே. தாலி ஒங்கம்மா வந்த பொறகு கட்டிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பதிவு முன்னால், தாலி பின்னால். ஆறு மாதம் இடைவெளி இருக்கும், ஒரு வருடமும் இருக்கும். அந்தக் காலத்தில் யாராவது கேட்டால் "ரெஜிஸ்டர் ஆகிருச்சு, கல்யாணம் இன்னும் ஆகல" என்போம். பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள். பதிவை நாங்கள் ஒரு முன்பதிவு மாதிரித்தான் நினைத்தோம். அம்மாவும் அப்படி, மாமாவும் அப்படி. வீடியோவில் அம்மா, "பண்ணிக்கங்க, நல்லதுதானே" என்று தலையாட்டினார். மாமா பின்னாலிருந்து, "தாலி மட்டும் அவசரப்படாதீங்க" என்றார்.

வீட்டுக்கே பதிவாளர் வருவதற்கு விசேட அனுமதி வேண்டும். ஓடித் திரிந்து அதை எடுத்தது நான். படிவத்தை நிரப்பியது நான். சாட்சிகளின் அடையாள அட்டை இலக்கங்களை இரண்டு முறை சரிபார்த்ததும் நான். இரத்தம் எடுக்கும்போது எந்தக் குழாய் முதலில், எந்தக் குழாய் அடுத்தது என்று ஓர் ஒழுங்கு உண்டு. மாறினால் ஒரு குழாயின் மருந்து அடுத்ததில் கலந்து பொட்டாசியம் அளவு பொய் சொல்லும். புதிதாக வரும் பயிலுநர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவள் நான்தான்.

பதிவுக்கு அடுத்த மாதம் அம்மா எழுத்திலும் தேறி, ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று சத்தியப்பிரமாணம் செய்தார். தம்பி படம் அனுப்பினான். அம்மா கையில் சின்னக் கொடி. நான் என் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே சரி போட்டேன். அடுத்த வரி: கல்யாணம், தை.

சட்டத்தரணி ஐம்பது வயதுக்காரர், முஸ்லிம் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் ஃபைலைப் புரட்டினார். நான் முதல் கேள்வியை வாசித்தேன். தாய் குடியுரிமை பெற்றதை அமெரிக்க விசா நிலையத்துக்கு எப்படி அறிவிப்பது?

அவர் ஊதா நிறத் துண்டு ஒட்டிய தாளில் நின்றுவிட்டார்.

"இது என்ன மகள்?"

"எங்க ரெஜிஸ்ட்ரேஷன் சேர்ட்டிபிகேட், மிஸ். கல்யாணம் தை மாசம். அதுக்குப் பொறகு தேவைப்படும்னு முன்னாடியே வச்சேன்."

அவர் அதை வெளியே எடுத்தார். அம்மாவின் குடியுரிமைச் சான்றிதழையும் எடுத்தார். இரண்டையும் என் பக்கம் திருப்பி அருகருகே வைத்தார். "திகதிய வாசிங்க."

வாசித்தேன்.

"மத்ததுலயும்."

வாசித்தேன். பிறகு விரல் விட்டு எண்ணினேன். பதிவு பத்தொன்பது நாள் முந்தியது.

"ஆனா தாலி கட்டல்லயே, மிஸ். நான் இன்னும் சித்தி வீட்டுலதான் இருக்கேன்."

"அவங்களுக்குத் தாலி தெரியாது மகள். நம்மட நாட்டுச் சட்டத்துலயும் இந்தத் திகதியில இருந்து நீங்க அவர்ட பொஞ்சாதி. எங்கட ஆக்களும் இப்பிடித்தான். நிக்காஹ் எழுதி வெச்சிட்டு வலீமா சாப்பாட்ட அடுத்த வருஷம் குடுக்குறது. புள்ளைக்கு இன்னும் கலியாணம் முடியல்ல மிஸ் எண்டு வந்து நிப்பாங்க."

"அப்ப மனு?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க கையெழுத்து வெச்ச அண்டைக்கே அது முடிஞ்சி போச்சு. ஆரும் ரத்துப் பண்ணத் தேவையில்ல, தானாப் போகும். உம்மா இப்ப சிட்டிசன்தானே, புதுசா ஒண்டு போடலாம். கலியாணம் முடிச்ச மகளுக்கு. வரிசையில கடைசியில இருந்து."

"விவாகரத்து எடுத்தா?"

"செத்தது எழும்பாது. அப்பயும் புதுசாத்தான் போடணும்."

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அந்த வரிசை இன்று நகரும் வேகத்தில் நகர்ந்தால், என் முறை வரும்போது அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும். இப்போதே காலில் உணர்ச்சி குறைவு, சீனி மருந்து இரண்டு வேளை.

அழவில்லை. தாளை நேராக்கி வைத்துக்கொண்டு, மிச்சப் பத்துக் கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவரும் பொறுமையாக, "அது இப்ப தேவைப்படாது மகள்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். நான் அந்த இரண்டு வரி இடத்தில் "தேவையில்லை" என்று பத்துத் தடவை எழுதினேன். பத்தாவது முடிந்ததும் அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து பேனையை வாங்கி வைத்தார்.

அடுத்த வாரம் முழுவதும் பிழை தேடினேன். ஆய்வுகூடத்தில் நம்ப முடியாத பெறுபேறு வந்தால் முதலில் மாதிரியைச் சந்தேகிப்போம். அப்படி அந்தச் சான்றிதழைச் சந்தேகித்தேன். பெயரில் ஒரு எழுத்தாவது பிழைத்திருக்கிறதா? சாட்சியின் இலக்கம் மாறியிருக்கிறதா? அனுமதி எடுத்த திகதி பொருந்துகிறதா? ஒன்று பிழையாக இருந்தால்கூடப் பதிவே செல்லாது என்று சொல்ல வழி கிடைக்கலாம் என்று ஓர் ஆசை. அரை நாள் லீவு போட்டுப் பதிவாளரிடமே போனேன்.

அவர் மூலப் பிரதியை எடுத்து வரி வரியாகப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு மிஸ். இவ்வளவு சுத்தமா ஒரு போர்ம் எனக்கு வாறதே இல்ல," என்று பாராட்டினார்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு கட்டத்தை நான் பிழையாக நிரப்பியிருக்கக் கூடாதா?

அம்மாவிடம் சொன்னது ஒரு காலை ஆறரைக்கு. சொல்லி முடித்ததும் திரையில் அம்மா அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதென்று நினைத்தேன். பிறகு கண் சிமிட்டினார்.

"நாந்தானே தலையாட்டுனேன்," என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாதும்மா."

"மொதத் தடவையே ஒழுங்கா எழுதியிருந்தா... ஒரு வரி பாப்பா. ஒரே ஒரு வரி."

போனை மாமா வாங்கினார். "இரு, இரு. யாருக்குத் தெரியும் இது? தையில தாலி கட்டுறீங்க. அன்னைக்கே புதுசா ஒரு ரெஜிஸ்டர் வேற எடத்துல பண்ணு. அந்தத் திகதியக் குடு. பழசக் கிழிச்சி அடுப்புல போடு."

"பழசு பதிவாளர்கிட்டயும் இருக்கு மாமா. கொழும்புலயும் இருக்கும்."

"கண்டியில கெடக்குற கடதாசிய யாருடி வந்து பாக்கப் போறான்?"

சட்டத்தரணி அதையும் சொல்லியிருந்தார், நான் கேட்காமலே. பொய்த் திகதி கொடுத்துப் பிடிபட்டால் வாழ்நாள் முழுக்கக் கதவு மூடும், கூப்பிடும் தாய் குடியுரிமை பெற்றவர் என்றாலும். ஆனாலும் மாமா சொன்னதை நான் உடனே தள்ளவில்லை. பல நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பஸ்ஸில் போகும்போது எந்தப் பிரதேசத்தில் பதிவு செய்தால் யாருக்கும் தெரியாது என்று யோசிப்பேன். பன்வில? மாத்தளைப் பக்கம்? பிடிபடும் சாத்தியத்தையும் பதினைந்து வருடத்தையும் தராசில் வைத்துப் பார்ப்பேன். சில நாள் பொய்தான் கனத்தது. சில நாள் அம்மாவின் கால்.

ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குப் போனேன். அவரிடம் மாமாவின் யோசனை வரை எல்லாம் போனில் சொல்லியிருந்தேன், அத்தையிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை கோழிக்கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் கெடுத்தேங்கிற."

"நான் அப்பிடிச் சொல்லல அத்தை."

"சொல்லாட்டியும் அதுதானே. ஒரு கடதாசி எழுதி வச்சது கொலைக்குத்தமா? ஊரு ஒலகத்துல யாரும் பண்ணாததா?" கத்தியைக் கீழே வைத்தார். கண் சிவந்திருந்தது, வெங்காயம்தான் என்று சொல்வதுபோல முந்தானையால் துடைத்தார். "நீ போயிருவன்னு பயந்துதான் எழுதச் சொன்னேன். போகக் கூடாதுன்னு நெனைக்கல. ரெண்டும் வேற வேற புள்ள."

என்னை ரயிலேற்றிவிட அத்தையின் மகன் நிலையம் வரை வந்தார். மேடையில் நின்று, "நான் விட்டுக் குடுத்தா நீ கொஞ்சம் சீக்கிரமாப் போகலாமா? மணமாகாத மகள் வரிசை சின்னதுன்னு சொன்னியே," என்று கேட்டார். வகுப்பில் கேள்வி கேட்பது மாதிரி, குரலில் எதுவும் இல்லாமல்.

"சின்னதுதான். சில வருஷம் மிச்சம். ஆனா அதுக்கு நாம பிரிஞ்சிட்டோம்னு நீதிமன்றத்துல சொல்லணும். அதுவும் பொய்."

"அப்ப ரெண்டு பொய் இருக்கு. எது வேணும்னு நீ சொல்லு. நான் கூட நிக்கிறேன்."

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பார்க்காதபடி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மழை இல்லை.

மறுநாள் வைத்தியசாலைச் சாப்பாட்டு நேரத்தில் விசா நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மனு இலக்கம், என் பெயர், திருமணமான திகதி. பதிவின் திகதி. சான்றிதழை ஸ்கான் செய்து இணைத்தேன். வீரத்தால் எழுதவில்லை. இன்னொரு பொய்யை வருடக்கணக்காகத் தினமும் சரிபார்த்துக்கொண்டிருக்க என்னிடம் சக்தி இல்லை. அனுப்பினேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மாதிரிகளைப் பார்க்கப் போனேன்.

இரண்டு வாரத்தில், மனு முடிந்துபோனதாகப் பதில் வந்தது. நான்கு வரி. எட்டு வருடத்துக்கு நான்கு வரி.

அம்மா புது மனுவைப் போட்டுவிட்டார். தம்பிதான் நிரப்பினான். நான் பார்க்கமாட்டேன் என்றேன். எக்செல் தாளை இன்னும் திறக்கவில்லை. தைக் கல்யாணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா வருகிறார்.

அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. சத்தியப்பிரமாணம் செய்த அன்றே அம்மாவின் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. இரட்டைக் குடியுரிமைக்கு இனித்தான் விண்ணப்பிக்க வேண்டும், அது கல்யாணத்துக்குள் கிடைக்காது. ஆகவே நாற்பத்தெட்டு வருடம் கண்டியில் இருந்த அம்மா, இப்போது கண்டிக்கு வருவதற்கு விசா கேட்க வேண்டும். போன சனிக்கிழமை காலை, அவர் போனில் இருக்க, நான் இணையத்தில் நிரப்பினேன்.

"பிறந்த நாடு?" என்று கேட்டேன், பழக்கத்தில்.

"ஏண்டி, தெரியாதா ஒனக்கு?"

"நாட்டினம் அமெரிக்கன்னு போடுறேன்மா. இலங்கையில தங்கும் முகவரி, சித்தி வீடு. வருகையின் நோக்கம்..." பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தேன். சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், மருத்துவம். உறவினரை அழுத்தினேன்.

"எத்தன நாள் தருவாங்க?"

"முப்பது."

அம்மாவின் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ ஆங்கிலத்தில் சிரித்தார்கள்.

"அதுக்கு மேல இருக்கணும்னா?"

"நீடிக்கச் சொல்லிக் கேக்கலாம். காரணம் எழுதிக் குடுக்கணும்."

"என்னா காரணம் எழுதுவ?"

படிவத்தில் அடுத்த கட்டம் திரும்பிப் போகும் திகதியைக் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இருபத்திரண்டு நாள் தள்ளி ஒரு திகதியைப் போட்டேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சரி," என்றார். அனுப்பினேன்.